‘தொடரும்’ போடவும் ஒரு நேர்மை வேண்டும்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே முடிந்துபோன ஒரு தொடரைத் திட்டி ஞாயிற்றுக்கிழமை நாலு வரிப் பதிவு போட்டேன். அதற்குக் கீழே பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்தத் தொடரின் பெயரை மறுபடி எழுதி அதற்கு இன்னும் விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. எட்டு எபிசோட். காணாமல் போன பெண் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி. குன்னூர் மழையில் நடுவே இரண்டு தடவை கரண்ட் போய், போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து, திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்து, ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன். கடைசியில் என்ன? இன்ஸ்பெக்டர் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவர் திறக்கிறார். முகம் மாறுகிறது. திரை இருட்டு. இரண்டாவது சீசன் உண்டா என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

“ஏமாத்திட்டாங்க” என்று எழுதினேன். அதற்கு ஒரு தம்பி, “அக்கா, நீங்கள்லாம் சீரியல் பார்த்து வளர்ந்த தலைமுறை. கிளிஃப்ஹேங்கர் (முடிச்சை அவிழ்க்காமல் அந்தரத்தில் நிறுத்துவது) உங்களுக்கு செட் ஆகாது. கொஞ்சம் பொறுமை பழகுங்க” என்று போட, அதற்கு 62 லைக். அதில் மூன்று பேர் நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள்.

சரி, பொறுமையைப் பற்றியே பேசலாம்.

1993 நவம்பர். எனக்குப் பன்னிரண்டு வயது. தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாரப் பத்திரிகை வந்ததும் அதில் வரும் தொடர்கதையை நான்தான் சத்தமாகப் படிப்பேன். கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு, அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, இன்னும் மூன்று பேர் எங்கள் அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். அந்த வாரக் கதையில், விடியற்காலையில் தண்ணீர் எடுக்கப் போன தங்கை, கிணற்றடியில் அண்ணன் ரத்தக்கறை படிந்த வேட்டியை அலசுவதைப் பார்த்துவிடுகிறாள். தொடரும்.

அந்த நேரத்தில்தான் குன்னூருக்குக் கீழே மரப்பாலம் என்கிற இடத்தில் மண் சரிந்தது. ஆட்களும் போனார்கள், மேட்டுப்பாளையம் ரோடும் போனது. அடுத்த இதழ் வரவில்லை. அந்தத் துக்கத்துக்கு முன்னால் கதைப் புத்தகம் ஒன்றுமே இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி ஆனால் அந்த ஐந்து பேரும் அந்த வேட்டியைப் பற்றித்தான் பேசினார்கள். பெரியம்மா, “ஆடு அறுத்திருப்பான்” என்றார். அம்மா ஒரே பிடியாக, “இல்ல, தங்கச்சி புருசனத்தான் முடிச்சிருக்கான்” என்றார். கொழுந்து எடுக்கும்போதும் அதே பேச்சு.

ஒரு வாரம் தள்ளி, கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு இரண்டு இதழும் ஒன்றாக வந்தன. முதல் பத்தியிலேயே பதில் இருந்தது. கொன்றது அவன்தான். கொல்லப்பட்டது அவள் புருஷன்தான். ஆனால் அந்த அத்தியாயம் முடியும்போது அவன் தங்கையின் கையைப் பிடித்து, “அம்மாகிட்ட சொல்லாத” என்கிறான். அம்மா ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லுவாளா, மாட்டாளா?” என்று என்னைக் கேட்டார். ஏதோ எழுதினவர் நான் என்பதுபோல.

நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல். அப்புறம் அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைக் கிளப்பிவிட்டுப் போ. காத்திருக்கிறேன். இரண்டு வாரமானாலும் சரி, இரண்டு வருஷமானாலும் சரி. எங்களுக்கா பொறுமை இல்லை?

“அப்படின்னா சஸ்பென்ஸே வேண்டாமா?” என்று ஒருவர். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 2015 ஜூலையில் ‘பாகுபலி’ முதல் பாகம் கட்டப்பாவின் வாளோடு முடிந்தது. 2017 ஏப்ரல் வரை காத்திருந்தோமே, யாராவது ஏமாந்ததாகச் சொன்னோமா? மலைக்குக் கீழே வளர்ந்த பையன் யார் என்பதுதான் அந்தப் படம் முதலில் எழுப்பிய கேள்வி. அவன் யார், அவன் அம்மா யார், அப்பா யார், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்கள். காலகேயர்களோடு நடந்த போரும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வாள் இறங்கியது. வயிறார சாப்பாடு போட்டுவிட்டு, “நாளைக்கும் வாங்க” என்றார்கள். இந்தத் தொடர்காரர்கள் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ‘டல்லாஸ்’ என்று ஒரு தொடர். 1980 மார்ச்சில், ஜே.ஆர். என்கிற ஆளை யாரோ சுட்டுவிடுகிறார்கள் என்பதோடு சீசன் முடிந்தது. நடிகர்கள் வேலைநிறுத்தம் வேறு சேர்ந்துகொள்ள, யார் சுட்டது என்று தெரிய நவம்பர் ஆகிவிட்டது. அன்றைக்கு அந்த எபிசோடைப் பார்த்தவர்கள் எட்டுக் கோடிக்கும் மேல். ஏன் அவ்வளவு பேர்? அந்த ஆள் சுற்றியிருந்த ஒவ்வொருவரையும் எப்படி வஞ்சித்தான் என்று தொடர் ஏற்கெனவே காட்டியிருந்தது. அந்தக் குண்டு கதைக்குள்ளிருந்து வந்தது. கதவைத் தட்டும் கைக்கு அப்படி ஏதாவது காரணம் இருக்கிறதா? தட்டியது யாராக இருந்தாலும் அந்த எட்டு எபிசோடில் ஒரு வரி மாறுமா? மாறாது. யோசித்துப் பாருங்கள்.

ஒரு நண்பர் நல்ல கேள்வி கேட்டார், ஒத்துக்கொள்கிறேன். “‘பொன்னியின் செல்வன்’ல ஆதித்த கரிகாலனக் கொன்னது யாருன்னு கல்கி கடைசிவரை உடைச்சு சொல்லலையே?” உண்மைதான். ஆனால் கல்கி என்ன செய்தார்? மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த கதை 1954-ல் முடிந்ததும், அரைகுறையாக நிற்கிறதே என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். உங்களுக்கெல்லாம் பொறுமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. முடிவுரை எழுதினார். யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று உட்கார்ந்து சொன்னார். அந்த மனுஷனுக்கு இருந்த மரியாதை, ஒரு லட்சம் ஃபாலோயர் வைத்திருக்கும் இந்த இயக்குநருக்கு இல்லை. “கலை விடை சொல்லாது” என்று பேட்டி கொடுக்கிறார்.

“அடுத்த சீசன் எழுதறவங்க கையில இல்லையே அக்கா, கம்பெனிதானே முடிவு பண்ணுது” என்கிறார்கள். தெரியும். தெரிந்துதானே சொல்கிறேன். ‘டார்க்’ என்கிற ஜெர்மன் தொடரை எடுத்தவர்கள் மூன்று சீசனில் போட்ட முடிச்செல்லாம் அவிழ்த்து 2020-ல் கதையை முடித்தார்கள். அதே ஆட்கள் 2022 நவம்பரில் ‘1899’ என்று இன்னொரு தொடர் எடுத்து, எல்லாவற்றையும் கடைசி நிமிஷத்தில் தலைகீழாகப் புரட்டி நிறுத்தினார்கள். 2023 ஜனவரி 2-ம் தேதி, இனி வராது என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், போச்சு. அவர்களும் பாவம்தான். ஆனால் நாளை உறுதியில்லை என்று தெரிந்தவன் இன்றைக்கே கணக்கை முடித்துவிட்டுத்தானே தூங்க வேண்டும்?

இன்னொன்று. சீரியல் பார்த்து வளர்ந்தவர்கள் என்று சொன்னீர்களே தம்பி, அதில் என்ன கேவலம்? பகல் முழுக்க அட்டையும் குளிரும் தின்ற காலோடு வந்து, அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்டு அழுதவர்கள் அவர்கள். ஒரு பாத்திரத்தை நம்பினால் கடைசிவரை கூட நடப்பார்கள். அதை மூளை இல்லாத்தனம் என்று நினைத்தால் உங்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிடுகிறேன். 2019-ல் ஒரு இந்தித் தொடர் வந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ரசாயன ஆலைக்குள் இரண்டு இளம் அதிகாரிகள் மாட்டிக்கொள்ள, விஷவாயு கசிய, சீசன் முடிந்துவிடும். அம்மாவுக்கு இந்தி தெரியாது. என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சீனாகத் தமிழில் சொன்னான். நான் அந்தக் காலத்தில் படித்துக் காட்டியது போலவே. முடிந்ததும் அம்மா அவன் தோளைத் தட்டி, “அந்தப் பையன் பொழச்சானா?” என்றார். “அடுத்த வருஷம் தெரியும் பாட்டி.”

அடுத்த வருஷம் லாக்டவுன். அதற்கடுத்த 2021 பிப்ரவரியில் வரும் என்று சொல்லி, தள்ளிப் போட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார், அந்தப் பையன் என்ன ஆனான் என்று. மே மாதம் இரண்டாவது அலையில் அம்மா போய்விட்டார். ஜூன் முதல் வாரம் தொடர் வந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, நோய்க்கு யார் என்ன செய்ய முடியும். ஆனால் இரண்டு வருஷம் அம்மா கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் எங்கே இருந்தது தெரியுமா? ஆரம்பத்திலேயே, போகிற போக்கில். பிழைத்திருந்தான். அந்த ஒன்றை 2019-லேயே காட்டியிருந்தால் கதைக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அன்றைக்கு ராத்திரி மகன் டிவியை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போனான். அம்மா படத்துக்கு முன்னால் நின்று, “பொழச்சுட்டான் பாட்டி” என்று மெதுவாகச் சொன்னான். திரும்பி வந்து மிச்சத்தைப் பார்த்தோம். அதே சீசனில் அந்தப் பையன் பிறகு செத்துப்போகிறான். அதை அவன் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.