பாலத்தை மூடும் அதிகாரம் யாருக்கு?

மும்பையின் பழைய பாலங்களில் உணரிகளை (சென்சார்களை) பொருத்த வேண்டும் என்ற கோரிக்கையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், அவை எச்சரித்தவுடன் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் வைக்காமல் கருவிகளை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

2019 மார்ச் 14 மாலை மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) அருகே இமாலயா நடைமேம்பாலம் இடிந்து உயிர்களைப் பறித்தது. சிறு பழுதுபார்ப்பு போதும் என்று கட்டமைப்புத் தணிக்கையில் சான்று பெற்றிருந்த பாலம் அது. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும்போது, துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெளியே விரிசல் தெரியும் நேரத்தில் உள்ளே சேதம் முற்றியிருக்கும். எப்போதாவது வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகும் ஆய்வுக்கு இது எப்படிப் பிடிபடும்?

உணரிகள் இரவும் பகலும் அளக்கின்றன. நீட்சியையும் சுருக்கத்தையும் அளக்கும் திரிபுமானி, ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீட்சியைக்கூடக் காட்டும். அதிர்வை அளக்கும் முடுக்கமானி, பாலத்தின் இயல்பான அதிர்வெண்ணை, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைப் பதிவு செய்யும், பாலத்தின் விறைப்பு (வளையாமல் தாங்கும் திறன்) குறைந்தால் அந்த அதிர்வெண்ணும் குறையும். சிக்கல் வெயிலில் இருக்கிறது. நூறு மீட்டர் எஃகு உத்தரம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே வெப்பத்தால் அதிர்வெண்ணில் வரும் மாற்றமே, உண்மையான சேதத்தால் வரும் மாற்றத்தை மறைத்துவிடக்கூடும். எனவே கோடையையும் மழைக்காலத்தையும் உள்ளடக்கிய ஓராண்டுப் பதிவாவது கையில் இருந்தால்தான், எது அந்தப் பாலத்தின் இயல்பு, எது ஆபத்து என்று பிரித்தறிய முடியும். கருவி பொருத்திய மறுநாளே பாதுகாப்பு வந்துவிட்டதாக அறிவிப்பது மக்களை ஏமாற்றும் செயல்.

எச்சரிக்கை வந்ததும் பாலத்தை மூடுவது பாம்பனில் ஒழுங்காக நடந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. பொருத்தியிருந்த கண்காணிப்புக் கருவிகள் எச்சரித்ததும், 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும்வரை ராமேசுவரத்துக்கு ரயிலே போகவில்லை. மும்பையிலிருந்து ஊருக்குப் போன நம்மில் பலர் பாதி வழியில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். அந்த அலைச்சல் நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன்.

மும்பையில் அப்படியொரு முடிவை எடுப்பது இன்னும் கடினம். நூறாண்டு கடந்த சயான் ரயில்வே மேம்பாலம் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, தாராவியிலிருந்து கிழக்கே வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போவோர் எவ்வளவு சுற்ற நேர்ந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அத்தனை நெருக்கடி காத்திருக்கும்போது, நள்ளிரவில் எச்சரிக்கையைப் பார்க்கும் இளநிலைப் பொறியாளர் எவரும் தன் பொறுப்பில் பாலத்தை மூடத் துணியமாட்டார்.

ஆகவே மாநகராட்சியும் ரயில்வேயும் இனி விடும் ஒவ்வொரு டெண்டரிலும், எந்த அளவு தாண்டினால் பாலம் மூடப்படும், எந்தப் பதவியில் இருப்பவர் எத்தனை நிமிடத்தில் மூடுவார், பழுதான உணரியை யார் மாற்றுவார் என்பவை இடம்பெற வேண்டும். உணரிகளின் அளவீடுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும்.