யூதர் "வாங்கிய" சட்டமும் நாங்கள் கேட்டு வாங்கிய சட்டமும்

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சின் வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நான் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். எது யூத வெறுப்பு என்று சொல்கிற ஒரு வரையறையை ஒன்ராறியோ ஏற்றுக்கொண்டதைப் பற்றிய பேச்சு அது. "யூதன் காசைக் கொடுத்து ஒன்ராறியோ அரசாங்கத்தையே வாங்கிப்போட்டான், எங்கட சனம் இன்னும் கோயில் திருவிழாவுக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கு" என்று ஐயா முழங்க, மண்டபமே கைதட்டியது. நான் மதிக்கிற ஒரு அண்ணையும் பக்கத்தில் இருந்து தட்டினார். எழுதாமல் விடத்தான் பார்த்தேன், முடியவில்லை.

நேராகவே சொல்கிறேன். ஒரு சமூகம் அரசாங்கத்திடம் போய், எங்களைப் பாதுகாக்க விதி செய்யுங்கள் என்று கேட்பது சதி இல்லை. கேட்டதால் வந்த விதியை எடுத்து வாசியுங்கள். பிழையான வரி இருந்தால் அந்த வரியோடு மோதுங்கள். கேட்டது யூதர் என்பதற்காக மோதாதீர்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டம், அதுதான் சட்டமூலம் 104, வானத்தில் இருந்தா விழுந்தது? எங்கள் அமைப்புகள் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கின, கையெழுத்து வாங்கின, விஜய் தணிகாசலம் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார், 2021 மே மாதம் நிறைவேறியது. அதை எதிர்த்து இலங்கைக் கனடியர் அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அவர்களின் மனுவை எடுக்க மறுத்தபோது உங்கள் பக்கங்களில் எல்லாம் வாழ்த்து மழை. அதே ஆண்டு மே மாதம் பிரம்டனில் நினைவுத்தூபி திறந்தார்கள், கொழும்பு கனடாத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. "வாக்குக்காகக் கனடா அரசியல்வாதிகள் புலம்பெயர் தமிழனுக்கு வளைகிறார்கள்" என்று அங்கே சொன்னபோது எங்களுக்கு எப்படி எரிந்தது! ஐயா பேசியது அதே வசனம்தான், ஆளைத்தான் மாற்றியிருக்கிறார்.

"அப்ப அந்த யூத வெறுப்பு வரையறையை நீ ஏற்கிறாயா?" என்று கேட்கப்போகிறீர்கள். இல்லை, ஏற்கவில்லை. யூத இன அழிப்பை நினைவுகூர அமைந்த ஐ.எச்.ஆர்.ஏ. என்கிற நாடுகளின் கூட்டமைப்பு 2016இல் புக்கரெஸ்டில் எடுத்துக்கொண்ட வரையறை அது. அதற்குக் கீழே 11 உதாரணங்கள், அதில் 7 இஸ்ரேல் என்ற அரசைத் தொடுகின்றன. எந்த நாட்டையும் விமர்சிப்பதுபோல் இஸ்ரேலையும் விமர்சிக்கலாம் என்று அதிலேயே எழுதியும் இருக்கிறது. ஆனால் நிர்வாகிகள் அந்த ஒரு வசனத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு உதாரணங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதன் மூல வரைவை 2000களில் எழுதியவர்களில் முதன்மையானவர் கென்னத் ஸ்டேர்ன். தரவு சேகரிக்க எழுதியதைப் பல்கலைக்கழகங்களில் வாயடைக்கப் பாவிக்கிறார்கள் என்று அவரே பல வருடமாகக் கத்துகிறார். அவரும் யூதர்தான், ஐயாவின் கணக்கில் அவரை எங்கே சேர்ப்பது?

ஒன்ராறியோவில் அது வந்த விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வரையறையை ஏற்கச் சொன்ன சட்டமூலம் 168 சட்டமன்றக் குழுவின் முன் இருந்தது, பொதுமக்கள் வந்து பேசக் காத்திருந்தார்கள். அதற்குள் 2020 ஒக்டோபரில் அமைச்சரவை ஆணையால் முடித்துவிட்டார்கள். யூத அமைப்புகளில் பெரியவை வரவேற்றன. சுதந்திர யூதக் குரல்கள் போன்றவை எதிர்த்தன. எனக்குக் கோபம் அந்தக் குறுக்குவழியை எடுத்த அமைச்சரவையில்தான். கேட்டவர்கள் கேட்டார்கள், கொடுத்தவன் முறையாகக் கொடுத்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் யாரும் கைதட்டமாட்டார்கள், ஏனென்றால் இதைச் சொல்லக் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. அந்த 11 உதாரணங்களில் ஊடகத்தையும் பொருளாதாரத்தையும் அரசாங்கத்தையும் யூதர் ஆட்டுவிக்கிறார்கள் என்று கதை கட்டுவதும் ஒன்று. நான் குறை சொல்கிற பட்டியலில் நான் குறை சொல்லாத உதாரணம் அது. ஐயா மேடையில் ஏறி அதற்குச் செய்முறை விளக்கமே கொடுத்துவிட்டார். வரையறை தேவையில்லை என்று வாதாடுகிற எங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி யார் செய்வார்!

"அவர்களுக்கு இங்கே என்ன குறை?" என்று ஒரு தம்பி கேட்டான். தம்பி, 2023இல் கனடாப் பொலிசில் பதிவான மத வெறுப்புக் குற்றங்கள் 1,284. அதில் 900 யூதருக்கு எதிரானவை. அவர்கள் சனத்தொகையில் ஏறக்குறைய ஒரு வீதம். நோர்த் யோர்க்கில் யூதப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 2024இல் மட்டும் மூன்று தடவை துப்பாக்கியால் சுட்டார்கள். பிள்ளைகள் படிக்கிற கட்டடம் அது. அந்தப் பெற்றோர் அரசாங்கத்திடம் போகாமல் வேறு யாரிடம் போவார்கள்?

என்னோடு முன்பு வேலை செய்த ஒரு யூத அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 மே 10, அன்னையர் தினம், கார்டினர் நெடுஞ்சாலையில் நாங்கள் இறங்கிய இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே வானொலியில் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினார்கள். மறுநாள் வேலையில் மேலாளர், எல்லாருக்கும் கேட்க, "உங்கட ஆட்கள் பயங்கரவாதிகள்தானே" என்று சிரித்தார். கையில் இருந்த புலிக்கொடியை வைத்து எங்கள் சாவையே மறைத்தார்கள். அன்று அந்த அம்மாதான் சாப்பாட்டு அறையில் வந்து பக்கத்தில் இருந்து, "உன்னுடைய குடும்பத்தில் யார் அங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள்.

அவருக்கு அந்த வரையறை வேண்டும். பேரப்பிள்ளையை யூதப் பள்ளிக்கு அனுப்புகிறார், பயப்படுகிறார். எனக்கு அது வேண்டாம், ஏனென்றால் கொடியைக் காட்டி வாயை மூடவைத்ததை நான் பட்டிருக்கிறேன், காசாவுக்காகக் கத்துகிற பிள்ளைக்கும் அது நடக்கக்கூடாது. தொலைபேசியில் இன்றும் சண்டை பிடிக்கிறோம். அவர் என்னை விலைக்கு வாங்கவில்லை, நானும் அவரை வாங்கவில்லை.

"காசாவில் பிள்ளைகள் சாக, நீ யூதருக்கு வக்காலத்தா?" வரும் என்று தெரியும். காசாவைப் பற்றி நான் எழுதியவை இதே பக்கத்தில் கிடக்கின்றன, தேடிப் படியுங்கள். "லொபி கெட்டதே இல்லையா?" இருக்கிறது. அமெரிக்காவில் பெயர் தெரியாத ஆட்கள் நடத்துகிற கனரி மிஷன் என்ற இணையத்தளத்தின் பட்டியலில் இருந்துதான், தாங்கள் ஆராய்ந்த பாலஸ்தீன ஆதரவு மாணவர் பெயர்களில் பெரும்பகுதி வந்தது என்று அரசாங்க அதிகாரியே 2025இல் பொஸ்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அது அசிங்கம். அதைச் சொல்லுங்கள், பெயரோடு சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். "யூதன்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள்.

அப்புறம் கப்பல் கதை. 1939இல் 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த சென் லூயிஸைக் கனடா ஏற்கவில்லை. திரும்பிப்போனவர்களில் 250க்கும் மேற்பட்டோர் நாசிகளின் கையில் செத்தார்கள். 2018இல்தான் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2010இல் சன் சீ 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது அரசாங்கம் அவர்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்தது. "திருப்பி அனுப்பு" என்று நாடே கத்தியபோது, சென் லூயிஸை நினைவூட்டி எங்களுக்காகப் பேசியவர்களில் யூதத் தலைவர்களும் இருந்தார்கள். அதுவும் லொபிதான். அப்போது ஐயா மேடை ஏறி, யூதன் அரசாங்கத்தை வாங்குகிறான் என்று சொன்னாரா?

அந்தக் கப்பலில் வந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தார். அவரும் தட்டினாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.