சித்திரகுப்தனின் உதவியாளர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்த ஆன்மிகச் சொற்பொழிவாளர் பேசியபோது நடந்ததைத் திரும்பவும் விவரிக்கப்போவதில்லை. காணொளி இந்நேரம் உங்கள் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும். "அழகாகத்தானே பேசினார், உனக்கு மட்டும் ஏன் எரிகிறது?" என்று நேற்றிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

நடக்க முடியாதவர்கள் போன பிறவியில் யாரையோ காலால் உதைத்தவர்களாம். மண்டபமே கைதட்டியது. சித்திரகுப்தனின் ஏட்டை இவரிடம் யார் ஒப்படைத்தார்கள்?

உடனே என்னை நாத்திகன் என்பீர்கள். பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்போது அனுபவிப்பது), ஆகாமியம் (இனிச் சேர்ப்பது) என்று சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிப்பதை வகுப்பில் உட்கார்ந்து படித்தவன். அடுத்தவனுடைய பிராரத்தத்தை ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொல்லி ஒரு பாடமும் அங்கே வரவில்லை. உன் வினையை நீ எண்ணு. அவன் ஏட்டை மூடி வை.

"வள்ளுவரே ஊழுக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிறாரே?" வைத்திருக்கிறார். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று கேட்டவரும் அவர்தான். ஆனால் ஒருவன் பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால், உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபித்தவரும் அவரே. பிச்சைக்காரனின் முற்பிறவியை அவர் விசாரிக்கவில்லை. படைத்தவனைப் பிடித்துக்கொண்டார். புத்தரிடம் மோளிய சீவகன் என்ற துறவி இதையே கேட்டிருக்கிறான்: நாம் படுவதெல்லாம் பழைய வினையால்தானா? பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று வரிசையாக எட்டுக் காரணங்களைச் சொன்னார் புத்தர். வினை அதில் எட்டாவது. எல்லாவற்றையும் வினையின் தலையில் கட்டுகிறவர்கள் எல்லை மீறுகிறார்கள் என்றும் சொன்னார். நம்மவருக்கு மற்ற ஏழும் தேவைப்படவில்லை.

என் தம்பிக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. போலியோ. சொட்டு மருந்து எங்கள் ஊருக்கு வரவில்லை, அல்லது வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார். 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இயற்கையாகப் பரவும் காட்டுவகைப் போலியோ இந்தியாவில் நின்றது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. அந்த ஜனவரியோடு, காலால் உதைத்த பாவிகள் எல்லாரும் இந்தியாவில் பிறப்பதை நிறுத்திக்கொண்டார்களா? சொற்பொழிவாளர் இதற்கும் ஒரு கதை வைத்திருப்பார்.

"ஆறுதலுக்காகச் சொல்வதுதானே?" இதற்கு மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன். தன் துக்கத்துக்குத் தானே சொல்லிக்கொண்டால் ஆறுதல்தான், மறுக்கவில்லை. அம்மாவுக்கும் உறவுக்காரர்கள் ஆறுதல்தான் சொன்னார்கள். முப்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் போட்டாள். போன பிறவி நினைவில் இல்லாததால் இந்தப் பிறவியிலேயே தன் பாவத்தைத் தேடினாள். தேடி ஒன்றைக் கண்டுபிடித்தும் விட்டாள்: தம்பி வயிற்றில் இருந்தபோது வாசலில் வந்து நின்ற ஒருவரிடம் சோறு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். பானையில் சோறு இருந்ததாம். தம்பி காலில் மாட்டும் தாங்கியான காலிப்பரின் வாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவும்போதெல்லாம் இதைச் சொல்வாள். இதற்குப் பெயர் ஆறுதலா?

"மற்ற மதத்துக்காரர்களைக் கேட்பாயா?" என் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சொன்னவர்கள் என் மதத்துக்காரர்கள். அவ்வளவுதான்.

வட்டிக்கு விட்டுச் சொத்துச் சேர்த்தவரை மேடையேற்றிப் பூர்வ புண்ணியம் என்று மாலை போடுகிறோம். இல்லாதவனுக்கும் இயலாதவனுக்கும் மட்டும் ஏட்டைப் பிரிக்கிறோம். சரி, யாரைச் சொல்லி என்ன? 2024இல் சென்னை அரசுப் பள்ளியில் இதே பேச்சு நடந்தபோது, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நேருக்கு நேர் கேள்வி கேட்டார். நானும் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். மூன்றாவது வரிசை. பக்கத்தில் தம்பி. கைதட்டல் எழுந்தபோது அவன் குனிந்து, சரியாகவே இருந்த காலிப்பர் வாரை அவிழ்த்து மறுபடி கட்டினான். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

வண்டியில் வரும்போது, "அம்மா இருந்திருந்தால் கைதட்டியிருப்பாளா அண்ணா?" என்று கேட்டான்.

தட்டியிருக்க மாட்டாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, மேடைக்குப் பக்கத்தில் போய்ப் பரிகாரம் கேட்டிருப்பாள்.