இடுப்பு உடைந்தால் உள்ளே வைக்கும் இரும்பின் விலையை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அண்மையில் வயதானவர்கள் மூன்று பேர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா.

முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் குளியலறையில் வழுக்கிவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வலது கால் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. "சுளுக்குதான்யா, எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா சிஞ்சே என்ற சீன நாட்டு வைத்தியரிடம் காட்டச் சொன்னார். தயவுசெய்து கேளுங்கள்: கால் அப்படித் திரும்பியிருந்தால் நீவவே கூடாது, எழுப்பி நிற்க வைக்கவும் கூடாது. 999-ஐ அழையுங்கள்.

எக்ஸ்ரே வந்ததும் வீட்டில் கணக்கு வழக்கு ஆரம்பமானது. அண்ணன் தனியாருக்குக் கொண்டுபோகலாம் என்றார். விசாரித்தால் முன்பணமே ஐந்திலக்கத்தில் சொன்னார்கள். தங்கையோ, "ஸ்க்ரூதானே மலிவு, அதையே போடச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதினாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. அம்மா அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்யச் சொல்கிறது. வயதானவர் படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரிசையாக வரும். தாமதத்தின் விலை எந்த பில்லிலும் எழுதப்படுவதில்லை.

தங்கை சொன்ன ஸ்க்ரூ விஷயத்துக்கு வருகிறேன். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்துக்குக் கீழே உள்ள குறுகிய பகுதிதான் கழுத்து. அது உடைந்து விலகிவிட்டால், அந்தப் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுபடலாம். ஸ்க்ரூ போட்டு ஒட்ட வைத்தாலும் பந்து செத்துப்போய் மறுபடி அறுக்க வேண்டிவரும் அபாயம் அதிகம். முதல் செலவு குறைவு, ஆனால் இரண்டாவது ஆபரேஷன் வந்தால் எல்லாச் செலவும் மேலே ஏறும். அதனால்தான் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பந்தை மட்டும் மாற்றும் பாதி மாற்று சிகிச்சையைச் சொல்கிறார்கள். அதையும் சிமெண்ட் வைத்துப் பொருத்துவது நல்லது என்று 2022-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. சிமெண்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேலாக இருந்தது, உலோகத்தைச் சுற்றி எலும்பு உடைவதும் குறைவு.

"அப்படியானால் முழு மூட்டையே மாற்றிவிடலாமே" என்றார் அண்ணன். பந்தோடு அது உட்காரும் குழியையும் மாற்றும் அந்தச் சிகிச்சைக்கு விலையும் கூட, ஆபரேஷன் நேரமும் கூட. 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது முழு மாற்றில் 7.9 சதவீதம் பேருக்கு, பாதி மாற்றில் 8.3 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசமே இல்லை. விழுவதற்கு முன் தாராளமாக நடமாடியவர் என்றால் முழு மாற்றைப் பற்றி டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயே நடமாடும் அம்மாவுக்கு அது எதற்கு?

தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே உடைந்திருந்தால் கணக்கே வேறு. அங்கே ஸ்க்ரூவும் பிளேட்டும் சேர்ந்த டி.எச்.எஸ். என்பதும், எலும்புக்குள் செருகும் ஆணியும் உண்டு. ஆணி விலை கூடுதல். சாதாரண முறிவுக்கு நைஸ் பரிந்துரைப்பது பிளேட் வகையைத்தான். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு ஆகும்?" அல்ல, "எலும்பு எந்த இடத்தில் உடைந்திருக்கிறது?"

சரி, காசுக்கு எங்கே போவது? அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளிதான் (ரிங்கிட்). கையைக் கடிப்பது உள்ளே வைக்கும் உலோகம். பல நேரம் அதை நாமே வாங்கித் தரவேண்டியிருக்கிறது. விலைப் பட்டியலைக் கையில் வாங்கியதும் எங்களுக்குத் தலை சுற்றியது. அப்போது ஒரு நர்ஸ்தான் மருத்துவச் சமூகநல அதிகாரியின் அறையைக் காட்டினார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. தகுதி இருக்கிறதா என்று அவர்களே பார்த்துச் சொன்னார்கள். முதல் நாளே அந்த அறைக் கதவைத் தட்டியிருந்தால் எங்கள் சண்டையே வந்திருக்காது. கோயிலில், கல்யாணத்தில், எங்கே ஆட்கள் கூடினாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார். நேற்று குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்தோம். பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே அடிச்சிருக்கலாமேய்யா" என்றார்.