சடைக் கண்ணாடிப் படம்: அவள் மட்டும் பார்க்காத பின்னல்

சென்னையில் பழைய ஆல்பம் வைத்திருக்கும் வீடுகளில் தேடிப் பாருங்கள், இந்தப் படம் பெரும்பாலும் கிடைத்துவிடும். பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். சிறுமியின் முகம் நம் பக்கம். பின்னால் ஆளுயரக் கண்ணாடி, அதில் பூத் தைத்த சடை, நுனியில் குஞ்சலம்.

அழகான படம்தான். ஆனால் எடுக்கும் முறையைக் கவனியுங்கள்.

கண்ணாடியை கேமராவுக்கு நேராக வைத்தால் போட்டோகிராபரே உள்ளே தெரிவார், ஃபிளாஷும் வெள்ளையாக அடிக்கும். அதனால் கண்ணாடியைச் சற்றுத் திருப்பி, பிள்ளையை அரைப்பக்கமாக நிறுத்தி, விளக்கைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோவார்கள். பலர் தவறுவது ஃபோகஸில். பிள்ளை கேமராவிலிருந்து 6 அடியில், கண்ணாடி அவளுக்கு 2 அடி பின்னால் என்றால், சடையின் பிம்பம் 8 அடியில் இல்லை, கண்ணாடிக்குள் இன்னும் 2 அடி தள்ளி, 10 அடியில் இருக்கிறது. லென்ஸை அகலத் திறந்து முகத்தில் ஃபோகஸ் வைத்தால் சடை மங்கிப்போகும். 50 எம்எம் லென்ஸில் திறப்பை எஃப் 11க்குச் சுருக்கி, ஃபோகஸ் ஏழரை அடியில்: இரண்டும் தெளியும். ஆனால் எஃப் 11க்கு வெளிச்சம் நிறைய வேண்டும். விளக்கு போதாத ஸ்டூடியோவில் ஷட்டர் நேரம் நீளும். "அசையாதே, பல் தெரியாம சிரி" என்ற அதட்டல் அங்கேதான் பிறக்கிறது. அடக்கமான பெண் என்று நாம் ரசிப்பதில் பாதி, வெளிச்சப் பற்றாக்குறை!

மீதிப் பாதி சடையின் வேலை. வாழைமட்டையை நீளமாகக் கீறி, மல்லிகை மொட்டுகளை ஊசி நூலால் நெருக்கித் தைத்து, பின்னலோடு சேர்த்துக் கட்டுவார்கள். மல்லி மலிவாகக் கிடைக்கும் கோடை லீவில்தான் இது நடக்கும். சாயங்காலம் மொட்டு விரிந்தால் தையலின் வரிசை கலைந்துவிடும், அதற்குள் ஸ்டூடியோ போயாக வேண்டும். அதுவரை பிள்ளை சாயக்கூடாது, படுக்கக்கூடாது, ஓடக்கூடாது. அதே ஆல்பத்தில் அண்ணன்காரன் மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்திருப்பான். அவன் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. இவள் கை பூச்சாடியைத் தொட்டபடி சும்மா இருக்கிறது.

மொட்டை போடுவதற்கு முன் பையனுக்கும் பாவாடை கட்டிச் சடை பின்னிப் படம் எடுக்கும் வழக்கம் உண்டே என்பீர்கள். உண்டு. அவனுக்கு அது ஒரு மதியத்து வேஷம். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடலாம்.

நம் ஊர்க் குறை மட்டும் இல்லை இது. ஸ்பெயின் அரசகுமாரி மார்கரீட்டாவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1659இல் நீலக் கவுனில் வரைந்தார். அவளுக்கு வயது 8. படம் வியன்னாவுக்குப் போனது, அவளை மணக்கவிருந்த பேரரசர் லியோபோல்டின் அரண்மனைக்கு. 1666இல் கல்யாணம், 21 வயதில் மரணம். அந்தக் கவுனின் அகலத்தையும் நம் சடையின் நீளத்தையும் நான் ஒரே கணக்கில்தான் வைப்பேன். இரண்டும் பிள்ளைக்காக அளந்தவை இல்லை.

இப்போது சடங்கு வீட்டு ஷூட் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வரை போகிறது, கல்யாண ஆல்பத்து போஸ்களோடு. மாநிறத்தை வெளுக்க, எடிட்டிங்கில் ஆரஞ்சு நிறத்தின் பிரகாச ஸ்லைடரை ஏற்றுகிறார்கள். தோலோடு உதடும் தங்கமும் சேர்ந்து சோகை பிடித்துப்போகும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு அது?

சடையை விடச் சொல்லவில்லை. கேமராவை அவள் கண்மட்டத்துக்கு இறக்குங்கள், ஐந்து வயதுக்கு ஏறக்குறைய மூன்றேகால் அடி. பிறகு இன்னொன்று. அவ்வளவு நேரம் தைத்த சடையை அந்த அறையில் பார்க்காதவள் அவள் ஒருத்திதான், கண்ணாடி அவள் முதுகுப்பக்கம் அல்லவா இருக்கிறது! கையில் ஒரு சின்னக் கண்ணாடி கொடுங்கள். முன்னும் பின்னும் சாய்த்து அவளே சடையைக் கண்டுபிடிக்கட்டும். பக்கவாட்டிலிருந்து அதை எடுங்கள். அசைவாள், ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாக வேண்டாம். பல் தெரிந்தால் தெரியட்டும்.