வைக்கோல் கட்டும் பேலர் இயந்திரம் தேயாதா?

"வைக்கோல் பஞ்சு மாதிரி, பேலர் தேயவே தேயாது, ஊரில் ஒன்று வாங்கி வாடகைக்கு விடுங்கள்" என்று சிங்கப்பூர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தஞ்சைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: இது தவறு.

காய்ந்த நெல் வைக்கோலில் சுமார் 10 சதவீதம் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே சரக்குதான். வெறுங்கையால் அள்ளினாலே தோலைக் கீறும். வயல் மண்ணும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வைக்கோலை வாரும் கம்பிகள் தேயும், சங்கிலி தளரும், தூசி அடைத்த பேரிங் சூடேறும். சுற்றிலும் சருகாகக் காய்ந்த வைக்கோல் இருப்பதால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. சதுரக் கட்டுப் பேலரில் முடிச்சுப் போடும் பாகம் தேய்ந்தால் கட்டு வயலிலேயே அவிழ்ந்து கொட்டும்.

சரி, லாபமே இல்லையா? இருக்கலாம், உதிரி பாகச் செலவு போக. அந்தச் செய்தியின் கணக்கில் கிரீஸுக்குக்கூடக் காசு ஒதுக்கவில்லை.