வாங்கின கேமை இறக்கி வைங்க மக்களே

டிஆர்எம், அதாவது அனுமதி இல்லாம கேம் ஓடாதபடி போடுற டிஜிட்டல் பூட்டு, இல்லாம கேம் விக்கிற கடைகளைப் பாராட்டிப் பதிவு போடாத கேமர் கிடையாது. ஜிஓஜி வாழ்க, இட்ச் வாழ்க. சரி, வாழட்டும். ஆனா அங்க வாங்கின கேமோட இன்ஸ்டாலர் (கேமை நிறுவுற ஃபைல்) உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கான்னு கேட்டா பல பேர் முழிப்பாங்க. "லைப்ரரிலதான் இருக்கே, வேணுங்கிறப்ப இறக்கிக்கலாம்." அப்புறம் பூட்டு போட்ட கேம்களும் விக்கிற பெரிய கடையான ஸ்டீமுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?

இந்த வித்தியாசம் சேலம் டவுன்ல ஃபைபர் வெச்சிருக்கிறவங்களுக்குப் பெருசாத் தெரியாது. ஏற்காட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியும். எஸ்டேட்ல சில்வர் ஓக் ஒண்ணு சாஞ்சு கேபிள் மேல விழுந்தா, ஆள் வந்து ஒட்டுற வரைக்கும் நெட் கிடையாது. மொபைல் டேட்டால சமாளிக்கலாம்னா கணக்கு இடிக்குது. 50 ஜிபி கேமை ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில இறக்க 34 நாள் ஆகும், அதுவும் வாட்ஸ்அப்கூடத் திறக்காம. அதே கேம் கீழ 30 எம்பிபிஎஸ் லைன்ல நாலு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். அதனால மலையில இருக்கிறவங்களுக்கு நல்ல வழி, கீழ இறக்கி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏத்தி எடுத்துட்டுப் போறதுதான். அப்படி எடுத்துட்டுப் போனா ஓடணுமே! டிஆர்எம் விஷயம் அங்கதான் வருது.

ஸ்டீம்ல ஆஃப்லைன் மோடு இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த மெஷின்ல ஏற்கெனவே லாகின் ஆகி, கேம் முழுசா அப்டேட் ஆகியிருக்கணும். பாதி அப்டேட்ல நெட் போச்சுன்னா கேமும் போச்சு. டெனுவோங்கிற கூடுதல் பூட்டு போட்ட கேம்னா முதல் தடவை ஓடுறதுக்கே ஆன்லைன் அனுமதி வேணும். பிராசசர் மாத்தினா மறுபடியும் கேட்கும். தட்டுவடை செட்டுக்குக் காசு கொடுத்துட்டு, ஒவ்வொரு வாய்க்கும் கடைக்காரர் தலையாட்டுறாரான்னு பார்த்துட்டுச் சாப்பிடுற மாதிரி.

இன்னொண்ணு, ஸ்டீம்ல இருக்கிறது எல்லாத்துக்கும் பூட்டு இருக்குன்னு நினைக்காதீங்க. போடுறதும் விடுறதும் கேம் செஞ்சவங்க இஷ்டம். சோதிக்கிறது சுலபம்: ஸ்டீமை முழுசா மூடிட்டு, நெட்டைத் துண்டிச்சுட்டு, ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ள காமன்னு இருக்கும், அதுல கேமோட இஎக்ஸ்இயை நேரா கிளிக் பண்ணுங்க. ஓடினா அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வெச்சுக்கலாம். வாங்குறதுக்கு முன்னாடியே தெரியணும்னா பிசி கேமிங் விக்கிங்கிற தளத்துல அந்த கேமோட பக்கத்தைப் பாருங்க.

இப்ப ஜிஓஜிக்கு வருவோம். 2008ல பழைய கேம்களுக்குன்னு போலந்துல ஆரம்பிச்ச கடை. லைப்ரரில கேமை கிளிக் பண்ணா கேலக்ஸிங்கிற அவங்க ஆப் வழியா நிறுவச் சொல்ற பட்டன்தான் முதல்ல கண்ணுல படும். அதை விட்டுடுங்க. ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்னு தனியா ஒரு பகுதி இருக்கும், அதுதான் வேணும். கேம் 40 ஜிபின்னு போட்டிருக்க, கைக்கு வந்தது குட்டியூண்டு ஃபைலா இருந்தா கேலக்ஸியோட தூண்டிலைத்தான் இறக்கியிருக்கீங்கன்னு அர்த்தம்.

பெரிய கேம்னா ஒரு இஎக்ஸ்இயும், கூடவே 1, 2, 3னு நம்பர் போட்ட பின் (.bin) ஃபைல்களும் வரும். ஒவ்வொண்ணும் 4 ஜிபிக்குக் கொஞ்சம் கீழ. ஃபேட்32ங்கிற பழைய முறையில ஃபார்மேட் பண்ணின பென்டிரைவ்ல 4 ஜிபிக்கு மேல ஒத்த ஃபைல் ஏறாது, அந்த வரம்புக்குள்ள அடங்கிடும். இட்ச்ல வர்ற ஜிப் ஃபைலுக்கு இந்தக் கரிசனம் கிடையாது; 6 ஜிபி ஜிப்பை ஏத்தப் பார்த்தா இடம் இருந்தும் ஃபைல் பெருசுன்னு சொல்லிடும். டிரைவை எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணிட்டா தலைவலி தீர்ந்தது.

எல்லா பின் ஃபைலும் இஎக்ஸ்இயும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும், பேரை மாத்தவே கூடாது. ஒண்ணு விட்டுப்போனா பாதி நிறுவும்போது நின்னு, "டிஸ்க் 2-ஐப் போடுங்க"ன்னு கேட்கும். இந்தக் காலத்துல டிஸ்க்குக்கு எங்க போறதுன்னு பயப்படாதீங்க, அது பழைய இன்ஸ்டாலர் மென்பொருளோட பாஷை. விட்டுப்போன பின் ஃபைலைத்தான் கேட்குது. ஃபைல் சேதமாயிருக்குன்னு சொன்னா இறக்கும்போதோ காப்பியிலோ கெட்டிருக்கு. செவன்-ஜிப் மென்பொருள் இருந்தா ரைட் கிளிக்ல ஷா-256 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து, கீழ இருக்கிற பிரதியோட எண்ணும் மேல போன பிரதியோட எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. காப்பி முடிஞ்சதும் சேஃப்லி ரிமூவ் கொடுக்காம டிரைவைப் பிடுங்குறவங்களுக்குத்தான் இந்த எண் அதிகமா மாறுது.

டிஎல்சி, அதாவது கேமுக்கு மேல தனியா விக்கிற கூடுதல் பகுதி, தனி இன்ஸ்டாலரா வரும். மூல கேமை முதல்ல நிறுவணும், ரெண்டும் ஒரே வெர்ஷனா இருக்கணும். போன வருஷம் இறக்கின கேமுக்கு இந்த வாரம் இறக்கின டிஎல்சியைப் போட்டா மல்லுக்கட்டும். பேட்ச் தானா வராதுங்கிறதுதான் இதுல இருக்கிற நிஜமான சிரமம். பெரிய அப்டேட் வந்தா புது இன்ஸ்டாலரை இறக்கி, பழசைக் கொஞ்ச நாள் வெச்சிருந்து அழிங்க. சேவ் ஃபைல் இன்ஸ்டாலர்ல வராது. டாக்குமென்ட்ஸ்லயோ, மறைஞ்சிருக்கிற ஆப்-டேட்டா (AppData) ஃபோல்டர்லயோ இருக்கும், அதையும் சேர்த்து எடுங்க.

பெட்டியில போட்டு வைக்க சாதா ஹார்ட் டிஸ்க்கே போதும், எஸ்எஸ்டி வேண்டாம். கரன்ட் இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா எஸ்எஸ்டி டேட்டாவை இழக்க வாய்ப்பு இருக்கு. ஏற்காட்டு ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடின டப்பா நல்லது.

இவ்வளவு பாடு எதுக்குன்னா, பூட்டு போட்டவன் சாவியை வெச்சிருப்பான்னு நம்ப முடியாது. சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட பழைய சிடி கேம்களை விண்டோஸ் 10 ஓட்டாது. அந்தப் பூட்டை இயக்குற டிரைவர் மென்பொருள்ல பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு மைக்ரோசாஃப்ட் 2015ல கழட்டி விட்டுடுச்சு. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, கேமும் நல்லாத்தான் இருக்கு, பூட்டுதான் செத்துப்போச்சு. தி க்ரூங்கிற கார் ரேஸ் கேமோட சர்வரை 2024 மார்ச்ல யூபிசாஃப்ட் மூடினதும், தனியா விளையாடினவங்களுக்கும் சேர்த்து அது செத்துப்போச்சு.

ஜிஓஜியும் யோக்கியம்னு கண்ணை மூடிட்டுச் சொல்ல மாட்டேன். 2021ல ஆன்லைன் இணைப்பு இல்லாம பாதி விஷயம் வேலை செய்யாத ஹிட்மேன் கேமைக் கொண்டுவந்து வித்தாங்க. வாடிக்கையாளர்கள் ரிவ்யூல வறுத்தெடுத்த பிறகு சில வாரத்துல எடுத்துட்டாங்க. சட்டப்படி பார்த்தா அங்கயும் நமக்குக் கிடைக்கிறது உரிமம்தான், உடைமை இல்ல. ஆனா அலமாரியில இருக்கிற இன்ஸ்டாலரை வந்து பிடுங்க அவங்களால முடியாது. நான் காசு கொடுக்கிறது அதுக்குத்தான்.

காசுன்னதும் ஞாபகம் வருது: இந்த வெளிநாட்டுக் கடைகள்ல கார்டுல பணம் போகலன்னா பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன்ல இருக்கான்னு பாருங்க. 2020லேர்ந்து புது கார்டெல்லாம் அது அணைச்சபடிதான் வருது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு கேமை எடுங்க. இன்ஸ்டாலர் 50 ஜிபின்னா, நிறுவ இன்னொரு 50க்கு மேல இடம் வேணும், அதைப் பார்த்துக்குங்க. வைஃபையை அணைங்க. வேற ஒரு லேப்டாப்ல நிறுவி மெயின் மெனு வரைக்கும் போங்க. போச்சுன்னா கமென்ட்ல கேம் பேரைப் போடுங்க, போகலன்னா எங்க நின்னுச்சுன்னு போடுங்க.